கரை சேர்ப்பது யார்? கடற்பயண உருவகமும் கிறிஸ்தவ இரட்சிப்பும்

இரட்சிப்பைக் கடற்பயணமாகச் சித்திரிப்பது கிறிஸ்தவப் பிரசங்கங்களிலும் பாடல்களிலும் தேவாலயச் சித்திரங்களிலும் மிகப் பழைய வழக்கம். கேட்கும்போது எளிதாகப் புரிவது போலத் தோன்றும் இந்த உருவகம், சற்று உற்றுப் பார்த்தால் குழப்பத்தைத் தருகிறது. ஓரிடத்தில் கிறிஸ்து மாலுமியாக வருகிறார். வேறோரிடத்தில் அவரே துறைமுகம். அவருடைய சிலுவை சிலருக்குப் பாய்மரம், வேறு சிலருக்கு மூழ்குகிறவன் பற்றிக்கொள்ளும் மரம். கப்பல் என்பது ஒரு பிரசங்கத்தில் திருச்சபையைக் குறிக்கிறது. அடுத்த பிரசங்கத்தில் தனி மனிதனின் ஆத்துமாவைக் குறிக்கிறது. இவை அழகுக்காகச் செய்யப்படும் மாற்றங்கள் மட்டும் என்றால் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் கப்பலைச் செலுத்துவது யார் என்ற கேள்விக்கு ஒருவர் தரும் விடை, இரட்சிப்பு மனித முயற்சியால் வருகிறதா, தேவ கிருபையால் வருகிறதா என்ற கேள்விக்கு அவர் தரும் விடையாகவே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

கடற்பயண உருவகம் என்று ஒன்றாகப் பேசப்படுவது உண்மையில் மூன்று தனித்தனிப் படங்களின் தொகுப்பு என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. அவற்றை முதலில் பிரித்துக்கொள்வோம்.

1. தப்புவித்தல் படம். இதில் கடல் என்பது மரணம். கப்பல் அதிலிருந்து மனிதரைத் தூக்கிக் காக்கும் இடம். நோவாவின் பேழை இதன் மூல வடிவம். எட்டுப் பேர் பேழையில் காக்கப்பட்டதை 1 பேதுரு 3:20-21 ஞானஸ்நானத்தோடு ஒப்பிடுகிறது. இப்படம் விடை சொல்லும் கேள்வி: காப்பாற்றுகிறவர் யார்?

2. பயணப் படம். இதில் ஏற்கெனவே கப்பலில் ஏறிவிட்ட ஒருவர், புயல், நீரோட்டம், பாறை ஆகியவற்றுக்கிடையே வழி தவறாமல் போக வேண்டியிருக்கிறது. போதகங்களின் காற்றில் அலைக்கழிக்கப்படுவதைப் பற்றிய எபேசியர் 4:14, பெரிய கப்பலைத் திருப்பும் சிறிய சுக்கானைப் பற்றிய யாக்கோபு 3:4 ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. கேள்வி: காப்பாற்றப்பட்டவர் எப்படி நடக்க வேண்டும்?

3. நங்கூரப் படம். இதில் கப்பல் நகர்வதே இல்லை. கேள்வி: வந்து சேரும்வரை எதைப் பற்றிக்கொண்டு நிற்பது?

புராட்டஸ்டண்ட் இறையியல் இரட்சிப்பை மூன்று கட்டங்களாகப் பேசுவது வழக்கம்: மனிதன் கடவுள் முன் நீதிமானாக ஏற்கப்படுதல், பிறகு வாழ்நாள் முழுவதும் பரிசுத்தமாக்கப்படுதல், முடிவில் மகிமைப்படுத்தப்படுதல். முதல் படம் பெரும்பாலும் முதற் கட்டத்தையும், இரண்டாம் படம் இரண்டாம் கட்டத்தையும் பற்றியது. இரண்டாம் படத்துக்குரிய செய்தியை முதல் படத்துக்குள் திணிக்கும்போதுதான், சரியாகச் சுக்கான் பிடித்தவனே இரட்சிக்கப்படுவான் என்பது போன்ற, எந்தப் பெரிய திருச்சபையும் அதிகாரபூர்வமாகக் கற்பிக்காத ஒரு முடிவு வந்து நிற்கிறது.

கடல் ஏன் பகையாகத் தெரிகிறது

வேதாகமத்தின் முற்பகுதி கடலை நிலத்தில் நிற்பவனின் கண்ணால் பார்க்கிறது. இஸ்ரவேலர் கடலோடும் இனத்தார் அல்லர். சாலொமோன் ஏசியோன்கேபேரில் கப்பல்களைக் கட்டியபோது, கடலை அறிந்த ஆட்களைத் தீருவின் அரசன் ஈராமிடமிருந்து பெற வேண்டியிருந்தது என்று 1 இராஜாக்கள் 9:26-28 சொல்கிறது. செங்கடலைக் கடந்த மக்கள் கப்பலில் கடக்கவில்லை. தண்ணீர் பிளந்து வழிவிட்டது. யோனாவுக்குக் கடல் ஏறக்குறைய கல்லறை.

இதற்கிடையே சங்கீதம் 107:23-30 தனித்து நிற்கிறது. கப்பலேறித் திரளான தண்ணீர்களில் தொழில் செய்பவர்களைப் பற்றிய அந்தப் பகுதியில், புயல் எழுகிறது, மாலுமிகள் வெறித்தவர்களைப் போலத் தள்ளாடுகிறார்கள், அவர்களுடைய தொழிலறிவு முழுவதும் செயலற்றுப்போகிறது. அதன் பின்னரே அவர்கள் கூப்பிடுகிறார்கள், புயல் அடங்குகிறது, தாங்கள் நாடிய துறைமுகத்தை அடைகிறார்கள். திறமை தீர்ந்த இடத்தில் கூப்பிடுதல், கூப்பிட்ட பின் கரை என்னும் இந்த வரிசை, பின்னர் வந்த கிறிஸ்தவ உருவகங்களின் முதுகெலும்பு.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு விலகலைக் குறிப்பிடுவது பயன்தரும். 'பிறவிப் பெருங்கடல் நீந்துவர்' என்ற குறளால் பழகிய காது, கடல் என்றதும் பிறவிகளின் தொடரையும், கரை என்றதும் அத்தொடர் அறுதலையும் நினைக்கும். கிறிஸ்தவப் படத்தில் கடல் பிறவித் தொடர் அன்று. ஒரே வாழ்வும் அது கிடக்கும் உலகமும். பயணம் ஒருமுறைதான். மேலும் அங்கே நீந்துதல் என்ற வினை மையமாக இருக்க, இங்கே பெரும்பாலும் சுமந்து செல்லப்படுதல் மையமாகிறது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் இரண்டுக்கும் நியாயம் செய்யாதவர்களாவோம்.

நடுக்கடலில் இடமறிதல்

பயணப் படத்தைப் புரிந்துகொள்ள, கடலில் வழியறிவது எப்படி என்பதன் அடிப்படை தெரிந்திருக்க வேண்டும். கரை கண்ணுக்குத் தெரியும்வரை சிக்கல் சிறியது. கரை மறைந்த பிறகு மாலுமியின் முதல் கேள்வி எங்கே போவது என்பதன்று. இப்போது எங்கே இருக்கிறோம் என்பதே. போகவேண்டிய இடம் வரைபடத்தில் அசையாமல் இருக்கிறது. தன் இடம்தான் ஒவ்வொரு மணி நேரமும் மாறிக்கொண்டிருக்கிறது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

1. கணக்கால் அறிதல். கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்திலிருந்து, எந்தத் திசையில், என்ன வேகத்தில், எத்தனை நேரம் வந்தோம் என்று கணக்கிட்டு இப்போதைய இடத்தை ஊகிப்பது. இதற்குக் கப்பலுக்குள் இருக்கும் கருவிகளே போதும். இதன் குறை, பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்வது. திசையில் ஒரு பாகை தவறினால் 60 கடல்மைல் ஓடியபின் ஏறக்குறைய ஒரு கடல்மைல் விலகியிருப்போம். நீரோட்டம் இன்னும் மோசம்: மணிக்கு 2 கடல்மைல் வேகமுள்ள நீரோட்டம் ஒரு நாளில் கப்பலை 48 கடல்மைல், அதாவது ஏறக்குறைய 89 கிலோமீட்டர், தள்ளிவிடும், கப்பலில் உள்ள எவருக்கும் அது உடலால் தெரியாது. கப்பலைச் சுற்றியுள்ள தண்ணீர் முழுவதும் சேர்ந்து நகர்வதால் எல்லாம் வழக்கம்போலவே இருக்கும்.

2. வெளியிலிருந்து அறிதல். சூரியன், நட்சத்திரம், கலங்கரை விளக்கம், கரையோர மலை என்று கப்பலோடு சேர்ந்து நகராத ஒன்றை அளந்து, அதைக் கொண்டு தன் இடத்தைத் திருத்திக்கொள்வது. வடக்கு அரைக்கோளத்தில் துருவ நட்சத்திரம் அடிவானுக்கு மேல் எத்தனை பாகையில் நிற்கிறதோ, கப்பல் ஏறக்குறைய அத்தனை பாகை அட்சரேகையில் இருக்கிறது. தீர்க்கரேகையை அறிவது இதைவிட மிகக் கடினமாக இருந்தது. பூமி 4 நிமிடத்தில் ஒரு பாகை சுழல்வதால், மூல இடத்தின் நேரத்தைப் பிழையின்றிக் காட்டும் கடிகாரம் இல்லாமல் அதைக் கணிப்பது அரிது. 1707இல் பிரிட்டிஷ் கடற்படையின் நான்கு கப்பல்கள் இங்கிலாந்தின் தென்மேற்கே உள்ள சில்லித் தீவுகளின் பாறைகளில் மோதி அழிந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தாங்கள் இருப்பதாக அவர்கள் கணித்திருந்த இடம் வேறு. அதன்பின் 1714இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தீர்க்கரேகைக்குத் தீர்வு காண்பவருக்கு 20,000 பவுண்டு வரை பரிசு அறிவித்தது.

இறையியலுக்கு இதில் பயன்படும் பகுதி மிகத் தெளிவானது: கப்பலுக்குள் இருப்பதை மட்டும் கொண்டு கப்பலின் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது. கேட்டவற்றை விட்டு நழுவிப்போகாதபடிக் கவனமாயிருக்கச் சொல்லும் எபிரெயர் 2:1 பேசுவது கலகத்தைப் பற்றியன்று, உணரப்படாத நகர்வைப் பற்றி. கிறிஸ்தவ மரபு வெளிப்பாடு என்று சொல்வது, மனிதன் தன் அனுபவத்திலிருந்து கணக்கிட்டுப் பெறாத, வெளியிலிருந்து வரும் இந்த அளவையைத்தான். மனந்திரும்புதல் என்பதையும் இந்தக் கோணத்தில் பார்க்கலாம். வருத்தப்படுவதற்கு முன்பே, தான் நினைத்த இடத்தில் தான் இல்லை என்று ஒப்புக்கொள்வதில் அது தொடங்குகிறது.

மனச்சாட்சி திசைகாட்டி என்றால்

மனச்சாட்சியைத் திசைகாட்டிக்கு ஒப்பிடுவது பிரசங்கங்களில் மிகப் பரவலானது. மிகக் குறைவாக யோசிக்கப்பட்டதும் அதுவே. திசைகாட்டி தவறாது என்ற எண்ணத்தில்தான் இந்த ஒப்பீடு பெரும்பாலும் சொல்லப்படுகிறது. கடலோடிகள் அப்படி நம்புவதில்லை.

காந்த ஊசிக்கு இரண்டு வகைப் பிழைகள் உண்டு. முதலாவது பூமியால் வருவது: காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஒன்றல்ல, அவற்றுக்கிடையேயான கோணம் இடத்துக்கு இடமும் காலப்போக்கிலும் மாறுகிறது. இரண்டாவது கப்பலாலேயே வருவது: அருகிலுள்ள இரும்பு, ஊசியை இழுக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இரும்புக் கப்பல்கள் வந்தபோது இது பெரும் ஆபத்தாயிற்று. கடலோடி மேத்யூ ஃபிளிண்டர்ஸ் முன்னரே கவனித்திருந்த இப்பிழையை ஈடுசெய்ய, 1838இல் வானியலாளர் ஜார்ஜ் ஏரி காந்தங்களையும் இரும்பையும் திசைகாட்டியைச் சுற்றி வைக்கும் முறையை உருவாக்கினார். இந்த இரண்டாம் பிழையின் வஞ்சகம் என்னவென்றால், கப்பல் திரும்பும் திசைக்கேற்ப அதன் அளவும் மாறும். ஆனால் ஊசி எப்போதும்போல உறுதியாகவே ஒரு திசையைக் காட்டும். தயக்கமின்றிக் காட்டுவதால் சரியாகக் காட்டுகிறது என்று பொருளாகாது. வெளியே உள்ள, திசை நிச்சயமாகத் தெரிந்த ஒரு பொருளோடு ஒப்பிட்டே பிழையின் அளவைக் கண்டறிந்து அட்டவணையாக எழுதிவைக்கிறார்கள்.

பவுல் மனச்சாட்சியைப் பற்றிப் பேசுவது வியக்கத்தக்க விதத்தில் இதனோடு ஒத்துப்போகிறது.

1. மனச்சாட்சி உண்மையான கருவி. மோசேயின் நியாயப்பிரமாணம் இல்லாதவர்களிடமும் அது சாட்சியிடுகிறது என்று ரோமர் 2:15 சொல்கிறது.

2. ஆனால் அது இறுதி நீதிபதி அன்று. தன்னிடம் ஒரு குற்றத்தையும் தான் அறியவில்லை, ஆயினும் அதனால் தான் நீதிமானாகிவிடவில்லை, தன்னை நிதானிக்கிறவர் கர்த்தரே என்று 1 கொரிந்தியர் 4:4இல் அவர் எழுதுகிறார். ஊசி அமைதியாக நிற்பது சரியான வழியில் செல்வதற்கு நிரூபணம் ஆகாது.

3. அது கெடவும் கூடும். சூடுண்ட மனச்சாட்சி என்று 1 தீமோத்தேயு 4:2 பேசுகிறது.

4. அதைத் தூக்கி எறிந்தால் நேர்வது கப்பற்சேதம். நல்மனச்சாட்சியைத் தள்ளிவிட்டுச் சிலர் விசுவாசமாகிய கப்பலைச் சேதப்படுத்தினார்கள் என்று 1 தீமோத்தேயு 1:19 கூறுகிறது.

இரண்டாவதும் நான்காவதும் சேர்ந்தே நிற்க வேண்டும் என்பதுதான் முக்கியம். திசைகாட்டி பிழைபடும் என்பதற்காக அதைக் கடலில் எறிகிறவர் முட்டாள்; பிழைபடாது என்று நம்பிக் கண்ணை மூடுகிறவரும் அவருக்குக் குறைந்தவர் அல்லர். மனச்சாட்சியே எல்லாம் என்று பேசும் இன்றைய பக்தி எழுத்துக்கள் பலவும் இதில் ஒரு பாதியைத்தான் சொல்கின்றன.

கப்பல் எது, மரம் எது

ஆதித் திருச்சபையின் ஆசிரியர்களிடம் உருவகம் திருச்சபையை நோக்கித் திரும்பியது. தெர்த்துல்லியன் ஞானஸ்நானத்தைப் பற்றி எழுதுகையில், சீடர்களின் சிறு படகைத் திருச்சபையின் சாயலாக்கினார்: கடல் என்பது உலகம், அலைகள் துன்புறுத்தல்களும் சோதனைகளும், பின்புறத்தில் உறங்கும் ஆண்டவர் பரிசுத்தவான்களின் ஜெபத்தால் எழுப்பப்படுகிறார். 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹிப்போலித்துஸ் இதை விரிவாக்கி, கப்பலின் ஒவ்வொரு உறுப்புக்கும் பொருள் சொன்னார். கிறிஸ்து தேர்ந்த மாலுமி. நடுவில் நிற்கும் மரம் சிலுவை. கயிறுகள் கிறிஸ்துவின் அன்பு. நங்கூரங்கள் அவருடைய கட்டளைகள். இரண்டு சுக்கான்கள் இரண்டு ஏற்பாடுகள். பழங்காலக் கப்பல்களில் பின்பகுதியின் இருபுறமும் இரண்டு சுக்கான் துடுப்புகள் இருந்தன என்பதை அறியாதவருக்குக் கடைசி ஒப்பீடு விந்தையாகத் தோன்றும். அறிந்தவருக்கு அது நேரடியானது. அதற்கும் முன்பே 2ஆம் நூற்றாண்டில் யுஸ்தீன், பாய்மரத்தில் சிலுவை வடிவம் இருப்பதையும், அது இல்லாமல் கடலைக் கடக்க முடியாது என்பதையும் புறமதத்தாருக்கு எழுதிய தம் வாதத்தில் சுட்டினார். அலெக்சாந்திரியாவின் கிளெமந்து, பாய்மரத்தில் தன்னைக் கட்டிக்கொண்டு மோகினிகளின் பாட்டிலிருந்து தப்பிய கிரேக்கப் புராண வீரன் ஒதிசேயஸை நினைவூட்டி, அதுபோலச் சிலுவை மரத்தோடு கட்டப்பட்டவனே விடுதலை பெற்றவன் என்றார்.

ஆனால் கார்த்தேஜின் ஆயர் சிப்ரியான் 251இல் எழுதியபோது உருவகத்துக்குக் கூர்மை ஏறியது. நோவாவின் பேழைக்கு வெளியே எவராவது தப்ப முடிந்திருந்தால், திருச்சபைக்கு வெளியேயும் தப்ப முடியும் என்பது அவர் வாதம். பிளவுகளின் காலத்தில் எழுதப்பட்டது இது. இங்கே கப்பல் வெறும் ஆறுதல் சின்னமாக இல்லாமல் எல்லைக்கோடாகிவிட்டது. எந்தக் கப்பல் உண்மையான கப்பல் என்ற பிற்காலச் சண்டைகள் எல்லாம் இந்த ஒரு திருப்பத்தில் வேர்கொண்டவை.

ஹிப்போ நகரின் ஆயர் அகுஸ்தீன் யோவான் நற்செய்தியை விளக்கும்போது மரத்தை வேறுவிதமாகப் பயன்படுத்தினார். தாய்நாட்டைத் தொலைவிலிருந்து காண்பவனுக்கும் அந்நாட்டுக்கும் இடையே கடல் கிடக்கிறது. எங்கே போக வேண்டும் என்று அவனுக்குத் தெரிகிறது, போக வழியில்லை. அக்கரையிலிருந்தே ஒருவர் வந்து, கடப்பதற்கான மரத்தைத் தந்தார், அதுவே சிலுவை. தத்துவ அறிஞர்கள் கரையைக் கண்டார்கள், ஆனால் அந்தத் தாழ்ந்த மரத்தில் ஏற மனமில்லாதிருந்தார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. இலக்கைக் காண்பதும் இலக்கை அடைவதும் வேறுவேறு என்று இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன வேறு உருவகம் அரிது. வழியறிதல் என்ற திறமை எவ்வளவு உயர்ந்தாலும், மிதக்க ஒன்று இல்லாதவனுக்கு அது பயன்படாது.

துடுப்பா, பாயா

பெலாஜியுஸ் என்ற துறவியைச் சுற்றி எழுந்த விவாதத்தில் இதே உருவகம் வழக்குமன்றத்தில் நின்றது போல் ஆயிற்று. பெலாஜியுஸின் தரப்பார் கிருபையை முழுவதும் மறுக்கவில்லை. கிருபை இருந்தால் நன்மை செய்வது எளிது, இல்லாவிட்டால் கடினம் என்றார்கள். அகுஸ்தீன் ஒரு பிரசங்கத்தில் அவர்களுடைய வாதத்தைக் கடலின் மொழியிலேயே எடுத்துரைக்கிறார்: பாய் விரித்துச் செல்வது எளிது, துடுப்பு வலித்துச் செல்வது கடினம், ஆயினும் துடுப்பாலும் போய்ச் சேரலாம் என்பதே அது. இதை அவர் உறுதியாக மறுத்தார். கிறிஸ்து தம்மையன்றி ஒன்றும் செய்ய முடியாது என்றுதான் சொன்னார். கடினமாகச் செய்யலாம் என்று சொல்லவில்லை. 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர் சங்கமும், கிருபை என்பது செய்ய முடிந்ததை எளிதாக்குவது மட்டுமே என்ற கருத்தைக் கண்டித்தது.

பாயை விரிப்பது நாம், காற்றைத் தருவது கடவுள் என்ற பிரபலமான விளக்கம் இந்த வரலாற்றின் வெளிச்சத்தில் எப்படி நிற்கிறது? மனித ஒத்துழைப்புக்கு இடம் தரும் கீழைத் திருச்சபைகளும் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தோற்றுவித்த வெஸ்லியின் வழிவந்தவர்களும் அதை ஓரளவு ஏற்பார்கள். வெஸ்லி மரபு, பாயை விரிக்கும் கைக்கே வலிமை தரும் முன்செல்லும் கிருபையைப் பற்றியும் சேர்த்துச் சொல்லும். கால்வினைப் பின்பற்றும் சீர்திருத்த மரபின் கண்டிப்பான பிரிவினர், இறந்து கிடக்கும் மாலுமி பாயை விரிப்பதில்லை என்று பதிலளிப்பார்கள்.

கப்பல் உடைந்த பிறகு: பலகையைப் பற்றிய தகராறு

ஞானஸ்நானம் பெற்றவர் பெரும்பாவத்தில் விழுந்தால் என்ன ஆகும்? தெர்த்துல்லியன் இதற்கு ஒரு படம் தந்தார்: கப்பற்சேதத்தில் சிக்கியவன் பலகையைப் பற்றிக்கொள்வது போல, பாவி மனந்திரும்புதலைப் பற்றிக்கொள்ள வேண்டும். வேதாகமத்தை இலத்தீனில் பெயர்த்த ஜெரோம் இதைக் கப்பற்சேதத்துக்குப் பின்னான இரண்டாம் பலகை என்ற சொற்றொடராக்கினார். இடைக்கால இறையியலில் அது ஒப்புரவு அருட்சாதனத்துக்கு, அதாவது குருவிடம் பாவ அறிக்கை செய்து மன்னிப்புப் பெறுவதற்கு, நிலையான பெயரைப் போல ஆயிற்று.

மார்ட்டின் லூத்தர் 1520இல் இந்தச் சொற்றொடரை நேரடியாகத் தாக்கினார். அவர் வாதத்தின் படிகள் இவை.

1. பலகை தேவைப்படுகிறது என்றால் கப்பல் உடைந்துவிட்டது என்று பொருள்.

2. கப்பல் என்பது ஞானஸ்நானத்தில் கடவுள் தந்த வாக்குத்தத்தம். மனிதப் பாவத்தால் கடவுளின் வாக்கு உடைவதில்லை.

3. ஆகவே கப்பல் உடையவில்லை. மனிதன்தான் அதிலிருந்து கடலில் குதித்துவிட்டான்.

4. அவன் தேட வேண்டியது வேறொரு பலகையை அன்று. நீந்தித் திரும்பி அதே கப்பலில் ஏற வேண்டும். மனந்திரும்புதல் என்பது ஞானஸ்நானத்துக்குத் திரும்புதலே.

கத்தோலிக்கத் திருச்சபை பின்வாங்கவில்லை. திரெந்து பொதுச்சங்கம் 1547இல் நீதிமானாக்கப்படுதலைப் பற்றிய ஆணையில் பலகை உருவகத்தை ஏற்றுப் பயன்படுத்தியது. 1551இல் ஒப்புரவை இரண்டாம் பலகை என்று அழைப்பது தவறு என்போரைச் சாபத்தீர்ப்புக்கு உள்ளாக்கும் விதியையே இயற்றியது. ஒரு கடல் உருவகம் பொதுச்சங்க விதியில் இடம்பெற்றது என்பதிலிருந்தே, அதில் அடங்கிய பொருள் எவ்வளவு எடையுள்ளது என்பதை ஊகிக்கலாம்.

இரு தரப்பும் எதைக் காக்க முயல்கின்றன என்று பார்த்தால் தகராறு வெறும் சொற்போர் அன்று என்பது தெரியும். திரெந்து காக்க விரும்பியது பாவத்தின் உண்மையான விளைவை: பெரும்பாவம் செய்தவர் அருளை உண்மையாகவே இழக்கிறார், அவர் இன்னும் கப்பல் தளத்தில் நிற்பதாகப் பாவனை செய்யக் கூடாது. லூத்தர் காக்க விரும்பியது வாக்குத்தத்தத்தின் உறுதியை: மனிதன் விழுந்ததற்காகக் கடவுள் கொடுத்தது விறகாகிவிடாது. படத்தின் அளவில் லூத்தரின் திருத்தம் வலுவானது என்பது இக்கட்டுரையாளரின் கணிப்பு. கப்பலைக் கட்டியவர் கடவுள் என்றால், பயணி தவறியதால் அது உடைந்தது என்பது பொருந்தவில்லை. ஆனால் கடலில் விழுந்தவனுக்கு நீந்தித் திரும்பும் வலு எங்கிருந்து வரும் என்ற கேள்வி லூத்தரின் படத்திலும் மிஞ்சுகிறது.

இதன் தொடர்ச்சியாகவே, மெய்யாய் இரட்சிக்கப்பட்டவர் கப்பலை விட்டு முற்றிலும் விழ முடியுமா என்ற விவாதம் 17ஆம் நூற்றாண்டில் எழுந்தது. 1618-19இல் நெதர்லாந்தில் கூடிய, சீர்திருத்த மரபினரின் தோர்த் சங்கம், தேவனே தம்முடையவர்களை முடிவுவரை காக்கிறார் என்று தீர்மானித்தது. டச்சு இறையியலாளர் அர்மினியுஸைப் பின்பற்றியவர்களும், பிற்பாடு வெஸ்லியும், விழ முடியும் என்ற எச்சரிக்கையை நிலைநிறுத்தினர்.

நங்கூரம்

எபிரெயர் 6:19-20 நம்பிக்கையை ஆத்துமாவின் நங்கூரம் என்கிறது. ரோமாபுரியின் பிரிஸ்கில்லா, தொமித்தில்லா நிலத்தடிக் கல்லறைகளில் ஆதிக் கிறிஸ்தவர்கள் நங்கூரத்தைப் பொறித்திருக்கிறார்கள். இயல்பான நங்கூரம் கீழே, கண்ணுக்குத் தெரியாத கடலடியில் பதிகிறது. இந்த நங்கூரமோ கடவுளின் சந்நிதியை மறைக்கும் திரைக்குள்ளே, இயேசு முன்னோடியாகப் பிரவேசித்த இடத்தில் பதிகிறது. சிறு படகில் நங்கூரத்தை முன்னே கொண்டுபோய் இட்டு, பிறகு கயிற்றைச் சுற்றிக் கப்பலை அதை நோக்கி இழுக்கும் முறை கடலோடிகளிடம் உண்டு. சிலர் இந்த வசனத்துக்கு அதையே விளக்கமாகத் தருகிறார்கள். நங்கூரத்தின் பிடி கப்பலின் தரத்தைச் சார்ந்ததன்று, அது பதிந்த நிலத்தைச் சார்ந்தது என்பது போதும். மேற்கொண்டு விரித்தால் வசனம் சொல்லாததைச் சொல்ல நேரும்.

பவுலின் கப்பல்: ஒழுங்கான படம் உடையும் இடம்

புதிய ஏற்பாட்டில் கடற்பயணம் உருவகமாக இல்லாமல் நிகழ்ச்சியாக மிக விரிவாக வருவது அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரம். கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டுபோகப்படும் பவுல் இருந்த அலெக்சாந்திரியக் கப்பலில் 276 பேர் இருந்தார்கள். மேலே பிரித்த மூன்று படங்களும் இதில் கலந்து வருகின்றன. கலந்ததால், எந்தப் படமும் தனியாக ஆட்சி செய்ய முடியாமல் போகிறது.

1. வல்லுநரின் கணிப்பு தவறுகிறது. பயணத்தைத் தொடர வேண்டாம் என்று பவுல் சொன்னதைவிட, மாலுமியும் கப்பல் உரிமையாளரும் சொன்னதை ரோமப் படையின் நூற்றுக்கு அதிபதி நம்பினான். தென்றல் மெல்ல வீசியபோது தாங்கள் கோரியது கைகூடிற்று என்று எண்ணிப் புறப்பட்டார்கள். சாதகமான சூழ்நிலை கடவுளின் சம்மதத்துக்கு அடையாளம் என்று சொல்பவர்கள் இந்த 13ஆம் வசனத்தைக் கவனிக்க வேண்டும்.

2. வெளியளவை இல்லாமற்போகிறது. பல நாள் சூரியனும் நட்சத்திரங்களும் தெரியவில்லை. தப்பும் நம்பிக்கை முற்றும் அற்றுப்போயிற்று. திசைகாட்டி இல்லாத அக்காலத்தில் இவ்விரண்டும் ஒரே செய்தியின் இரு பாதிகள். இந்தக் கட்டத்தில்தான், ஓர் உயிருக்கும் சேதம் வராது, கப்பல் மட்டுமே சேதமாகும் என்ற வாக்கு பவுலுக்கு வருகிறது.

3. வாக்கு வந்த பிறகும் கடல்தொழில் நிற்கவில்லை. பதினான்காம் இரவில் விழுது, அதாவது ஆழம் அளக்கும் கயிறு, விட்டுப் பார்க்கிறார்கள். 20 பாகம், சற்று அப்பால் 15 பாகம். ஆழம் குறைவதைக் கண்டு பின்னணியத்திலிருந்து நான்கு நங்கூரங்களைப் போடுகிறார்கள். கரை சேரும் வேளையில் அதே நங்கூரங்களை அறுத்துக் கடலில் விட்டுவிடுகிறார்கள்.

4. வாக்குக்குப் பிறகு நிபந்தனையும் வருகிறது. கப்பலாட்கள் படகில் தப்பியோட முயன்றபோது, இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்ப முடியாது என்று பவுல் நூற்றுக்கு அதிபதியிடம் சொல்கிறார். எல்லாரும் தப்புவார்கள் என்று 22ஆம் வசனத்தில் சொன்னவரே 31ஆம் வசனத்தில் இப்படிச் சொல்கிறார். தோர்த் மரபினர், முடிவை நியமித்த கடவுள் வழியையும் நியமிக்கிறார் என்று இதை வாசிக்கிறார்கள். எதிர்த்தரப்பினர், நிபந்தனை உண்மையான நிபந்தனையே என்று வாசிக்கிறார்கள். இந்நூலை எழுதிய லூக்கா இரண்டையும் ஒன்பது வசன இடைவெளியில் வைத்துவிட்டு, பொருத்திக் காட்ட முயலாமல் கதையைத் தொடர்கிறார்.

5. கப்பல் உடைகிறது. நீந்தத் தெரிந்தவர்கள் முதலில் குதிக்கிறார்கள். மற்றவர்களில் சிலர் பலகைகள் மேலும், சிலர் கப்பல் துண்டுகள் மேலும் மெலித்தாத் தீவின் கரையை அடைகிறார்கள். துடுப்பா பாயா, கப்பலா பலகையா என்று பின்னாளில் பிரிந்து நின்ற எல்லா விடைகளுக்கும் இங்கே உடல்களாகவே சாட்சிகள் இருக்கிறார்கள். கப்பலுக்குள் இருந்தாலே போதும் என்பதும் இங்கே பொருந்தவில்லை, ஏனெனில் கடைசியில் கப்பலை விட்டு இறங்காதவர் எவரும் கரை சேரவில்லை.

இந்த அதிகாரத்தை அப்படியே இரட்சிப்பின் உருவகமாக மாற்றிப் பிரசங்கிப்போர் ஒரு தடையைச் சந்திக்கிறார்கள். அந்த 276 பேரில் படைவீரர்கள், கைதிகள், தப்பியோட நினைத்த கப்பலாட்கள் எல்லாரும் அடக்கம். கைதிகளைக் கொன்றுவிடலாம் என்று யோசனை சொன்ன வீரர்களும் கரை சேர்ந்தார்கள். அவர்களில் எவரும் பவுலின் கடவுளை விசுவாசித்ததாக லூக்கா எழுதவில்லை. கப்பலைத் திருச்சபையாகவும் கரையைப் பரலோகமாகவும் கொண்டால், அனைவரும் இரட்சிக்கப்பட்டதாகச் சொல்ல வேண்டிவரும். இந்த அதிகாரத்தைப் பிரசங்க மேடைக்கு எடுத்துவரும் திருச்சபைகளில் மிகப் பெரும்பாலானவை அதைச் சொல்ல ஆயத்தமாக இல்லை. லூக்கா எழுதியது ஒரு கைதியின் பொருட்டு ஒரு கப்பல் நிறைய மனிதர்கள் உயிர் பிழைத்த வரலாறு. அதில் எந்தப் பகுதியை உருவகமாக எடுக்கிறோம், எதை விட்டுவிடுகிறோம் என்பதைச் சொல்லும் கடமை பிரசங்கிக்குரியது.